கழுத்தில் வைத்த கை

ஜனவரி 1, வியாழன்

சுகந்தி வேலை பார்க்கும் மெடிக்கல் கடைக்கு மாத்திரைக் கம்பெனிக்காரன் கொடுத்த டைரி. போன வருடம் நீல அட்டை, இந்த வருடம் சிவப்பு. என் மருமகள் எனக்கென்று கொண்டுவருகிற ஒரே பொருள் இதுதான். அதையும் கையில் கொடுக்கமாட்டாள். டிவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

எனக்கு இது பதினான்காவது புத்தகம். மற்றதெல்லாம் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. யார் வந்தார்கள், எங்கே பிடிப்பு, எத்தனை நாளில் விட்டது, எல்லாம் தேதி போட்டு எழுதியிருக்கிறேன். நாச்சம்மாளுக்கு என்ன தெரியும், அஞ்சாங்கிளாஸ்தானே என்கிறவர்கள் அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கட்டும். அஞ்சாங்கிளாஸ்தான். ஆனால் அந்த அஞ்சு வருடத்தில் படித்தது எதையும் நான் மறக்கவில்லை.

ஒவ்வொரு புத்தகத்தின் முதல் பக்கத்திலும் இதை எழுதிவிடுவது வழக்கம். நான் கால் முந்திப் பிறந்தவள். தலை வரவேண்டிய இடத்தில் கால் வந்தது. என் ஆத்தாள் இரண்டு நாள் கிடந்து பெற்றாள். அப்படிப் பிறந்தவர்கள் தொட்டால் சுளுக்கு விட்டுப்போகும். இடுப்புப் பிடிப்பென்றால் காலால் நீவுவேன். கழுத்துக்கும் தோளுக்கும் கை. காசு வாங்குவதில்லை, வெற்றிலை பாக்கு மட்டும். காசு வாங்கினால் கைராசி போய்விடும்.

இன்று வந்தவர்: ஒருவர். மார்க்கெட்டில் லோடு இறக்கும் நாட்ராயன். தக்காளிப் பெட்டி தூக்கும்போது தோளில் பிடித்துக்கொண்டது. ஒரே நீவல். "உங்க கையை மட்டும் ஆஸ்பத்திரியில கொண்டுபோயி வெச்சா டாக்டருகெல்லாம் ஊரைப் பாத்துப் போயிருவாங்க ஆத்தா" என்று சொல்லிக்கொண்டே போனான். வாய்க்கொழுப்பு. ஆனால் பொய்யில்லை.

ஜனவரி 8, வியாழன்

வந்தவர்: மூவர். இரண்டு பேர் வெளியாட்கள். மூன்றாவது ஆள் என் மகன்.

தண்டபாணி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் ஏலம் கூறுகிறவன். இருபத்தாறு வருடமாக ஒரே மண்டி. மைக் கிடையாது. இவன் பீர்க்கங்காய்க்கு விலை கூறினால் அந்தக் கோடியில் முருங்கைக்காய் ஏற்றுகிற லாரிக்காரன் திரும்பிப் பார்ப்பான். அந்தக் குரல் இவன் அப்பாவிடமிருந்து வந்ததில்லை. என்னுடையது.

இன்று பத்து மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டான். ஏலம் கூறிக்கொண்டிருக்கும்போது வலது கை மரத்து, பேனா கீழே விழுந்ததாம். குனிந்து எடுக்கப் போனால் விரல் மடங்கவில்லையாம். உட்காரவைத்து, விளக்கெண்ணெயைச் சூடாக்கிக் கழுத்தின் இரண்டு பக்கமும் தாடைக்குக் கீழிருந்து தோள்வரை நீவினேன். கால் மணி நேரத்தில் டம்ளரைப் பிடித்துக் காபி குடித்தான். வரும்போதே பாதி சரியாகிவிட்டது என்கிறான். வண்டியில் வரும்போது காற்றுப் பட்டிருக்கும். மீதியைச் சரிசெய்தது என் கை.

கழுத்துப் பிடிப்பு. அன்றைக்கே விட்டது.

சுகந்தியிடம் சொல்ல வேண்டாம் என்றான். நான் எதற்குச் சொல்லப்போகிறேன்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். யாரும் வரவில்லை. கரும்பு கடித்ததில் ஒரு பல் ஆடுகிறது.

ஜனவரி 21, புதன்

வந்தவர்: இருவர். பேருந்துக் கண்டக்டர் ஒருவருக்கு இடுப்பு. பிறகு தண்டபாணி.

காலையில் சவரம் செய்துகொண்டிருந்தவன், "ஆத்தா, இடது கண்ணு தெரியலை" என்றான். கடை ஷட்டரை மேலிருந்து இறக்கினால் எப்படி இருக்கும், அப்படி இருட்டு இறங்கியதாம். வலியில்லை, எரிச்சலில்லை. சோப்பு நுரையோடு உட்காரவைத்துக் கழுத்தைப் பிடித்தேன். நான் பத்து எண்ணுவதற்குள் ஷட்டர் ஏறிவிட்டது என்று சிரித்தான். ராசியான கையடா இது என்றேன்.

இந்த முறை சுகந்தி பார்த்துவிட்டாள். துணி மடித்துக்கொண்டிருந்தவள் எழுந்துவந்து, பிரஷர் மாத்திரை எத்தனை நாளாகப் போடவில்லை, சிகரெட் நாளைக்கு எத்தனை என்று போலீஸ்காரி மாதிரிக் கேட்டாள். இவன் என் முகத்தைப் பார்த்தான். ஒன்பது வருடம் மாத்திரைப் பட்டையைக் கத்தரித்துக் கொடுத்தால் டாக்டராகிவிட முடியுமா? கண்ணுக்கும் கைக்கும் கழுத்துதான் வழி, கழுத்து பிடித்தால் எல்லாம் பிடிக்கும் என்று சொன்னேன்.

"அதேதான் அத்தை நானும் சொல்றேன். கழுத்துதான் வழி. அதைத்தான் ஸ்கேன் எடுக்கோணும்கிறேன்" என்றாள்.

என் வார்த்தையை எடுத்து எனக்கே திருப்பிக் கொடுக்கிறாள்.

ஜனவரி 28, புதன்

பழனிக்கு நடக்கிற கூட்டம். தைப்பூசத்துக்கு இன்னும் நாலு நாள். வந்தவர்: இருபத்திரண்டு பேர். எல்லாம் கெண்டைக்கால், குதிகால். காரைக்குடியிலிருந்து வந்த ஒரு கூட்டத்தில் வயதான ஒருவர் என் காலைத் தொட்டுக் கும்பிட்டார். என் கால் அப்படிப்பட்ட கால். சுகந்தி அந்தப் பக்கமாகத்தான் தண்ணீர்க் குடத்தோடு போனாள். பார்த்திருப்பாள்.

தண்டபாணிக்கு மத்தியானம் மறுபடி கை மரத்தது. ஐந்து நிமிடம். கூட்டத்துக்கு நடுவில் நின்றபடியே நீவிவிட்டேன். விட்டது.

ஜனவரி 31, சனி

வந்தவர்: ஒன்பது பேர்.

தண்டபாணி இன்று ஏலத்தில் வெண்டைக்காய்க்கு விலை கூறும்போது வாய் குழறிவிட்டதாம். அவன் ஒன்று சொல்ல வேறொன்று வந்ததாம். காலையிலேயே தண்ணி போட்டுவிட்டான் என்று வியாபாரிகள் சிரித்திருக்கிறார்கள். இவன் குடிக்கிறவனில்லை. அந்த அவமானத்தில் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டான். வந்தபோது பேச்சு சரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் கழுத்தைப் பிடித்துவிட்டேன்.

மண்டியிலிருந்து யாரோ சுகந்திக்குப் போன் பண்ணிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் கூட்டிப்போகிறாளாம். என்னிடம் கேட்கவில்லை. சொன்னாள்.

பிப்ரவரி 3, செவ்வாய்

நானும் போனேன். என்னை விட்டுவிட்டு என்ன பேசுவார்கள் என்று தெரிய வேண்டாமா?

டாக்டரம்மா சின்ன வயது. குழலைத் தண்டபாணியின் கழுத்தில் வைத்துக் கேட்டாள். நெஞ்சில் வைப்பதைப் பார்த்திருக்கிறேன், கழுத்தில் வைத்து இன்றுதான் பார்த்தேன். அப்புறம் ஸ்கேன். கழுத்தில் பசையைத் தடவிக் கருவியை ஓட்டினார்கள். உள்ளே ரத்தம் ஓடுகிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது. வலது பக்கம் ஒழுங்காகக் கேட்டது. இடது பக்கம் சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற மாதிரிச் சீறியது.

டாக்டரம்மா என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். "நம்மூரு போர்த் தண்ணிக்குக் குழாயில உப்புப் படியுதில்லைங்களா பாட்டி, அந்த மாதிரி இவருக்குக் கழுத்துக் குழாயில கொழுப்புப் படிஞ்சிருக்கு. இடது பக்கம் எண்பது பங்கு அடைப்பு. அதுலருந்து துணுக்கு உடைஞ்சு கண்ணுக்குப் போனாக் கண்ணு இருட்டும், மூளைக்குப் போனாக் கை விழும், பேச்சுக் குழறும். இதுவரைக்கும் வந்தது கரைஞ்சு போற அளவுக்குச் சின்னத் துணுக்கு. அடுத்தது எப்படின்னு யாருக்கும் தெரியாது."

நான் நீவித்தான் சரியானது என்றேன்.

"நீங்க நீவலைன்னாலும் சரியாகியிருக்கும். வலிச்சிருந்தா நீங்களே தூக்கிக்கிட்டு ஓடியாந்திருப்பீங்க. வலியில்லாம வந்து, தானாப் போகுது பாருங்க, அதுதான் பாட்டி பயப்பட வேண்டியது." அப்புறம் விரலை நீட்டி, "இனிமே அந்தக் கழுத்தை யாரும் தேய்க்கவே கூடாது" என்றாள்.

விரலை நீட்டினாள். என் பேத்தி வயதுக்குக் கொஞ்சம் கூட.

இந்த வாரமே மதுரைக்குப் போய்க் கழுத்தைத் திறந்து குழாயைச் சுத்தம் செய்ய வேண்டுமாம். அதுவரைக்கும் ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை, கொழுப்புக்கு ஒன்று. சிகரெட்டை இன்றே விட வேண்டுமாம். ஆபரேஷனில் ஏதாவது ஆபத்து உண்டா என்று தண்டபாணி கேட்டான். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்டு, சில பேருக்குக் குரல் கம்மிப்போகும், பெரும்பாலும் திரும்பிவிடும் என்றாள். அதற்குப் பிறகு அவள் சொன்னது எதுவும் இவன் காதில் ஏறவில்லை. எனக்குத் தெரியும். நான் பெற்ற முகம்.

வந்தவர்: எழுதவில்லை.

பிப்ரவரி 5, வியாழன்

சுகந்தி காப்பீட்டு அட்டையைத் தேடுகிறாள். பெட்டியில் துணி அடுக்குகிறாள். பேத்தி நிரஞ்சனாவுக்கு ஹாஸ்டலுக்குப் போன் போட்டு அழுகிறாள். கழுத்தை அறுப்பதற்கு இவ்வளவு அவசரம்.

அவள் கடைக்குப் போன பிறகு தண்டபாணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். குரல் போச்சுன்னா நான் என்னத்துக்கு ஆத்தா ஆவேன் என்றான். நாற்பத்தொன்பது வயது ஆள். நான் தலையைத் தடவினேன். நாலு தரமும் உன்னை எழுப்பியது யார் என்று கேட்டேன். நீதான் என்றான். அப்படியென்றால் பத்து நாள் எனக்குக் கொடு, காலையில் எண்ணெய் போட்டு நீவுகிறேன், அதற்கும் சரியாகவில்லையென்றால் மதுரைக்குப் போ என்றேன்.

சுகந்திக்குத் தெரிய வேண்டாம் என்று அவன்தான் சொன்னான். நான் சொல்லவில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

மூன்று நாளாக விடியற்காலையில் சுகந்தி குளிக்கப் போகிற நேரத்தில் நீவுகிறேன். கையும் மரக்கவில்லை, கண்ணும் இருட்டவில்லை. எங்கே போயிற்று அந்த எண்பது பங்கு?

தலையணை உறையெல்லாம் ஏன் எண்ணெய்ப் பிசுக்கு என்று சுகந்தி கேட்டாள். தலைக்குத் தேய்த்தான் என்றேன்.

நாளைக்கு ஆறு மணி பஸ்ஸில் மதுரைக்குப் போய் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கி வருகிறாளாம். போகட்டும். அலையட்டும்.

வந்தவர்: ஐந்து பேர்.

பிப்ரவரி 9, திங்கள்

தண்டபாணிக்கு முடியவில்லை. திண்டுக்கல் ஆஸ்பத்திரி.

பிப்ரவரி 11, புதன்

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

திங்கட்கிழமை குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவன் அப்படியே வலது பக்கமாகச் சாய்ந்துவிட்டான். ஒன்பது மணி இருக்கும். நாட்ராயன் தோள்வலி என்று வந்தவன் பார்த்து ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினான். உடனே கொண்டுவந்துவிட்டோம். மதுரைக்குப் போய்ச் சேர்ந்திருந்த சுகந்தி, விஷயம் கேட்டு வாடகைக் கார் பிடித்து இங்கே எங்களுக்குப் பின்னாலேயே வந்து நின்றாள்.

ரத்தக் கட்டியைக் கரைக்க ஒரு ஊசி இருக்கிறதாம். அதைப் போடவில்லை. காலம் கடந்துவிட்டதாம். பெரிய ஆஸ்பத்திரி, பெரிய மெஷின், ஒரு ஊசி போடத் துப்பில்லை.

நர்ஸ் ஒருத்தி ஸ்கேன் எடுப்பதற்கு முன்னால் பஞ்சை வைத்து அவன் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, யாருங்க இவ்வளவு எண்ணெயைக் கொட்டினது என்று கேட்டாள். எங்கள் வீட்டில் எல்லாரும் எண்ணெய் தேய்த்துக்கொள்வோம், அழுக்காக அலைகிற பழக்கமில்லை என்றேன்.

வலது கையும் காலும் கிடக்கின்றன. கண் விழித்துப் பார்க்கிறான். பேச்சு இல்லை.

சுகந்தி என்னோடு பேசுவதில்லை. காரணம் தெரியவில்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

இடது பக்கக் குழாய் முழுக்க அடைத்துவிட்டதாம். இனி அதைத் திறந்து பயனில்லையாம். வலது பக்கத்தில் பாதிக்குக் குறைவாக அடைப்பு இருக்கிறது, மாத்திரை நிறுத்தாமல் போட்டால் அதைக் காப்பாற்றலாம் என்கிறார்கள். சட்டைப் பையில் இருந்த சிகரெட் பாக்கெட்டைச் சுகந்தி குப்பைத் தொட்டியில் போட்டாள். போட்டுவிட்டு அந்தத் தொட்டியையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நிரஞ்சனா வந்தாள். அப்பா என்று கூப்பிட்டாள். வாயைத் திறந்தான். "ஆ... ஆ..." என்று வந்தது. ஆத்தா என்றுதான் சொல்ல வந்தான் என்றேன். அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவன் போர்வையைச் சரிசெய்தாள். தாயும் மகளும் ஒரே மாதிரி.

பல் விழுந்துவிட்டது.

மார்ச் 2, திங்கள்

வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம். முன் அறையில் கட்டில் போட்டிருக்கிறது. சுகந்தி கடைக்கு லீவு போட்டிருக்கிறாள். நாலு வேளை மாத்திரையையும் ஒரு டப்பாவில் கட்டம் கட்டமாகப் பிரித்து வைத்திருக்கிறாள். காலையும் சாயங்காலமும் பிரஷர் பார்த்து ஒரு நோட்டில் எழுதுகிறாள். தேதி, நேரம், எண். என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

இரண்டு பேர் சுளுக்கென்று வந்தார்கள். கைவலி என்று சொல்லி அனுப்பினேன்.

மார்ச் 10, செவ்வாய்

சுகந்தி இன்று கடைக்குப் போனாள். போகும்போது வாசலில் நின்று, "கஞ்சி கொடுங்க. மாத்திரை கொடுங்க. வேற ஒண்ணும் பண்ண வேண்டாம்" என்றாள். ஒரு மாதத்தில் என்னிடம் பேசிய நீளமான பேச்சு இது.

தண்டபாணியின் முகம் துடைக்கப் போனேன். தலைமாட்டில் கிடந்த துண்டை இடது கையால் இழுத்துக் கழுத்தைச் சுற்றிக்கொண்டான். குளிர் போல. ஃபேனை நிறுத்தினேன்.

மார்ச் 11, புதன்

துண்டு. குளிர் இன்னும் விடவில்லை.

மார்ச் 23, திங்கள்

பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கிறது. இருந்தும் இவனுக்குக் குளிர்கிறது. உடம்பு பலவீனமாக இருந்தால் அப்படித்தான். சுகந்தி வீட்டில் இருக்கும்போது மட்டும் துண்டு தலைமாட்டில் கிடக்கிறது.

அவளிடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசிக் காட்டுகிறான். இட்லி என்று பாதி வந்ததாம். "இன்னொருக்காச் சொல்லுங்க, நீங்க விலை கூறி எத்தனை நாளாச்சு" என்று அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் உள்ளே போனேன். நிறுத்திவிட்டான்.

மண்டியில் வேறொருவன் ஏலம் கூறுகிறானாம். மைக் வைத்துக்கொண்டு.

ஏப்ரல் 7, செவ்வாய்

இன்று வந்தவர்: ஒருவர்.

நாட்ராயன். வெற்றிலை பாக்கோடு வந்தான். சுகந்தி கடைக்குக் கிளம்பி வண்டியை வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள். கட்டிலில் தண்டபாணி. கைவலி என்று சொல்லப் போனேன், அவன் கேட்கவில்லை.

"தோளில்லைங் ஆத்தா. நேத்து லாரியில நின்னுக்கிட்டு இருக்கறப்ப வலது கண்ணுக்கு முன்னாடி திரை விட்டாப்புல ஆகிப்போச்சு. அஞ்சு நிமிசம். அப்புறம் தெளிஞ்சுருச்சு. கழுத்துப் பிடிப்பாத்தான் இருக்கும். ஒருக்கா நீவி உட்ருங்க, லோடு நிக்குது" என்று சொல்லிக் கீழே உட்கார்ந்து, சட்டைக் காலரை மடித்துவிட்டுக் கழுத்தை என் பக்கம் நீட்டினான்.

அறுபது வருடமாக எத்தனையோ கழுத்து என் முன்னால் நீண்டிருக்கிறது. என் கை தானாகவே எண்ணெய்க் கிண்ணத்துக்குப் போனது. கட்டிலில் துணி உரசுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமலே எனக்குத் தெரியும், துண்டு.

இது பிடிப்பில்லை, ஆஸ்பத்திரிக்குப் போய்க் கழுத்தை ஸ்கேன் எடு என்றேன். நாட்ராயன் சிரித்தான். நீங்களே இப்படிச் சொன்னா நாங்க எங்க போறது, தண்டபாணி அண்ணனுக்கே நாலு தரம் சரி பண்ணுனீங்களே, ஊருக்கே தெரியுமே என்றான். ஊருக்குத் தெரியும். நான்தான் சொல்லியிருந்தேன்.

சிவப்பு டைரியை எடுத்து வந்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தேன். ஜனவரி எட்டு, வலது கை, கால் மணி நேரம். இருபத்தொன்று, இடது கண், பத்து எண்ணுவதற்குள். இருபத்தெட்டு, கை, ஐந்து நிமிடம். முப்பத்தொன்று, பேச்சு. நாலு தரம் தானாக வந்து தானாகப் போனது, நான் கை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பிப்ரவரி பதினொன்றாம் தேதிப் பக்கத்தைத் திருப்பினேன். அதில் இருப்பதை வாசிக்க வாய் வரவில்லை, ஏனென்றால் அதில் இருப்பது பொய். அதனால் வாயால் சொன்னேன். சொன்னதை இப்போது எழுதுகிறேன்.

குளித்துவிட்டு வந்து சாயவில்லை. என் கைக்குள்தான் சாய்ந்தான். சுகந்தி பஸ் ஏறப் போன பிறகு எண்ணெய் போட்டு இடது பக்கம் தாடைக்குக் கீழே அழுத்தி நீவினேன். அன்றைக்குக் கொஞ்சம் அழுத்தியே நீவினேன், அவள் தேதி வாங்கி வருவதற்குள் சரியாக வேண்டும் என்று. "ஆத்" என்றான். முழுசாகச் சொல்லவில்லை. கடிகாரம் என் எதிரில்தான் இருந்தது. ஆறேமுக்கால்.

பத்து நிமிடத்தில் திரும்பும் என்று நினைத்தேன். எப்போதும் திரும்பியதே. கீழே படுக்கவைத்து நீவினேன். ஏழு மணி. ஏழரை. எண்ணெய் தீர்ந்துபோய் இன்னொரு தரம் சூடாக்கினேன். பக்கத்து வீட்டுக்காரி கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் வந்திருப்பாள். கூப்பிட்டால் நாச்சம்மாள் கைக்குள்ளேயே மகனுக்கு இழுத்துக்கொண்டது என்று ஊருக்குத் தெரிந்துவிடும். ஒன்பது மணிக்கு இந்த நாட்ராயன் வந்து கதவைத் தட்டுகிறவரைக்கும் நான் நீவிக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எத்தனை மணிக்கு இழுத்துக்கொண்டது என்று கேட்டார். ஒன்பது என்றேன். நாலரை மணி நேரத்துக்குள் வந்துவிட்டீர்கள், கட்டியைக் கரைக்கிற ஊசி போடலாம், கை கால் திரும்ப வாய்ப்பிருக்கிறது என்றார். சுகந்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகி வந்து இருபத்திரண்டு வருடத்தில் அவள் என் கையைப் பிடித்தது அந்த ஒரு தரம்தான். கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தாள். டாக்டர் மறுபடி கேட்டார், நேரம் நிச்சயம்தானே, தவறாக இருந்தால் இந்த ஊசியாலேயே மூளைக்குள் ரத்தம் கொட்டிவிடும், ஆள் பிழைக்க மாட்டார் என்று. அங்கே சுவரில் ஒரு கடிகாரம். பதினொன்றரை.

ஆறேமுக்கால் என்றேன்.

டாக்டர் பேப்பரை மடித்துவிட்டார். சுகந்தி என் கையை விட்டாள். நான் பேசாமல் இருந்திருந்தால் அவன் செத்திருப்பான், பேசியதால் ஊசி இல்லை. முதலிலேயே பேசியிருந்தால் எல்லாம் இருந்திருக்கும். நீவியதால்தான் வந்ததா, தானாகவே வந்திருக்குமா என்று அப்புறம் ஒருநாள் தனியாக டாக்டரிடம் கேட்டேன். இரண்டும் நடக்கும், இனி யாராலும் சொல்ல முடியாது என்றார். அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

இதையெல்லாம் நாட்ராயனிடம் சொல்லி முடித்தபோது அவன் காலரை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்து நின்றிருந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. லோடு நிற்கிறது, நாளைக்குப் போய்க்கொள்கிறேன் என்று முணுமுணுத்தான். வாசலில் ஆள் நிழல். சுகந்தி எப்போது திரும்பி வந்து நின்றாளோ தெரியாது.

"நாளைக்கெல்லாம் இல்லைங்ண்ணா. இப்பவே ஏறுங்க" என்றாள். அவன் பெண்பிள்ளை வண்டியில் பின்னால் உட்காரக் கூச்சப்பட்டான். "மாமியா கையிலயே கழுத்தக் குடுத்தீங்க, என்ற வண்டியில உக்கார வெக்கமாக்கும்" என்றாள். உட்கார்ந்தான். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். "கஞ்சி ஆறுது" என்றாள். போய்விட்டார்கள்.

கிண்ணத்தில் கஞ்சியை ஊற்றிக்கொண்டு கட்டிலுக்குப் போனேன். தண்டபாணி எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். காது நன்றாகக் கேட்கும். என்னையே பார்த்தான். கோபமில்லை, அழுகையுமில்லை. மார்க்கெட்டில் சரக்கைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தான். இடது கையால் துண்டைக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்திருந்தான்.

ஸ்டூலை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக் கஞ்சியை வைத்துக் கரண்டியைப் போட்டேன். இப்போது அவனாகவே இடது கையால் சாப்பிடுகிறான். அவனுக்கு இருப்பது ஒரு கை. அது துண்டைப் பிடித்திருக்கிறது. காத்துக்கொண்டு நின்றேன். ஆவி பறப்பது நின்றது. மேலே ஆடை கட்டியது. கண்ணைக் கிண்ணத்துக்குக் கொண்டுபோனான், என்னிடம் கொண்டுவந்தான். கையை எடுக்கவில்லை.

குளிர் என்று மார்ச் மாதம் முழுக்க எழுதியிருக்கிறேன். குளிர் இல்லை என்று எனக்கு முதல் நாளே தெரியும்.

நான் அடுக்களைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து, கரண்டி கிண்ணத்தில் படுகிற சத்தம் கேட்டது.